இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

வாசகர் கடிதம்:

மேடம், தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. குழந்தைகள் மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். இப்போது பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் (எஸ்.என்.சி.யு.) போஸ்டிங். சென்ற மாதம் என் இரவு டூட்டியில், 27 வாரத்தில் பிறந்த 900 கிராம் பெண் குழந்தை ஒன்று இறந்துவிட்டது. பிறந்து ஆறாவது நாள், மூக்கு வழியே தொடர் அழுத்தத்தில் காற்று செலுத்தும் சிபாப்பில் இருந்தது. இரவு இரண்டு மணிவாக்கில் மூச்சு விட்டு விட்டு நின்றது (ஆப்னியா). உள்ளங்காலைத் தட்டினால் திரும்ப விட்டது. சிஸ்டர், "டாக்டர், இந்த பேபி சரியில்ல" என்றார். டூட்டி அசிஸ்டென்ட்டை (உதவிப் பேராசிரியரை) எழுப்பலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். முந்தைய வாரம் ஒரு முறை கூப்பிட்டதற்கு, "இதுக்கெல்லாமா போன் பண்ணுவே?" என்று எல்லோர் முன்பும் கேட்டிருந்தார். மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டேன். வந்தார், ட்யூப் போட்டார், வென்டிலேட்டரில் வைத்தார். ஐந்தரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. "சாரி" என்பதைத் தவிர வாயில் எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து கேனுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போடும்போது கை நடுங்குகிறது. டூட்டி இல்லாத இரவிலும் தூக்கமில்லை. வீட்டில் சொன்னால், "டாக்டருக்குப் படிச்சா இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்" என்கிறார்கள். சீட்டை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. நான் இதற்கு லாயக்கில்லையோ? அந்தக் குழந்தையின் அம்மா அடுத்த வாரம் மகப்பேறு ஓ.பி.க்கு வருகிறாராம். போய்ப் பார்க்கலாமா, கூடாதா என்றும் தெரியவில்லை.

(பெயர், ஊர் தவிர்க்கப்பட்டுள்ளன)

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

இரண்டு மணிக்கே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்குமா? இந்த ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறுதலுக்காக "இல்லவே இல்லை" என்று சொல்ல மாட்டேன். "ஆமாம்" என்று சொல்வதற்கும் உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. ஆறாம் நாளில் 900 கிராம் குழந்தைக்கு மூச்சு திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிருமித்தொற்று. நம் வார்டுகளில் அது பெரும்பாலும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் வகை. மருந்துக்கு மசியாத கிருமியாக இருந்தால், மூச்சு நிற்பது வெளியே தெரியும்போதே உள்ளே பாதிக் கதை முடிந்திருக்கும். அப்படிப்பட்ட குழந்தையை ஒரு மணி நேரம் முன்னதாக வென்டிலேட்டரில் வைத்திருந்தாலும் விடிவதற்குள் இழந்திருக்கலாம். மூளையில் ரத்தக்கசிவு, குடல் அழற்சி என்று வேறு காரணங்களும் உண்டு. அன்று இரவு பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்திருந்தால் அதன் முடிவு இதற்குள் வந்து ஏதோ ஒரு ஃபைலில் கிடக்கும். போய்த் தேடிப் படியுங்கள். ஒரு மாதமாக மனதுக்குள் நடத்திக்கொண்டிருக்கும் விசாரணைக்கு அந்த ஒரு தாள் கூடுதல் சாட்சி.

மருத்துவமனையில் நடக்கும் குழந்தை இறப்புகளை ஆய்வு செய்ய 2014 முதல் நம் நாட்டில் வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. உங்கள் துறையிலும் மாதாந்திர இறப்பு ஆய்வு நடக்கும், அல்லது நடந்ததாகப் பதிவேட்டில் இருக்கும். இந்தக் குழந்தையின் கேஸ் ஷீட்டை அங்கே நீங்களே முன்வையுங்கள். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள், ஏன் கூப்பிடவில்லை என்பது உட்பட. அது உங்கள் ஒருவருடைய குற்றப்பத்திரிகை ஆகாது. ஒரு முதலாண்டு மாணவி போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தயங்கும்படியாக ஒரு யூனிட் இருக்கிறது என்பதும் அந்த இறப்பின் காரணங்களில் ஒன்றாக எழுதப்பட வேண்டியதுதான்.

ஒரு பழைய செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான், பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தவன், எடை இரண்டு கிலோவுக்கு மேல். பாஸ்டனின் பெரிய குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அன்று இருந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் இறந்துவிட்டான். நுரையீரல் முதிராமைதான் காரணம். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் குறைவதால்தான் இப்படி ஆகிறது என்று அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி 1959-லேயே காட்டியிருந்தார், ஆனால் கையில் மருந்து இல்லை. சிபாப் 1971-ல் வந்தது. ஜப்பானிய மருத்துவர் ஃபியூஜிவாரா குழந்தைகளுக்கு சர்ஃபாக்டன்ட் கொடுத்துக் காட்டியது 1980-ல். இன்று பேட்ரிக்கைப் போல ஒரு குழந்தை உங்கள் வார்டுக்கு வந்தால், சில நாள் சிபாப்பில் வைத்து, பால் பழக்கி, பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். அதிபரின் பணமும் பதவியும் வாங்க முடியாததை இன்று ஒரு அரசு மருத்துவமனையில் முதலாண்டு மாணவர்கள் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். 27 வாரக் குழந்தை இன்னமும் நம் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. சில பிழைக்கின்றன, சில பிழைப்பதில்லை. நீங்கள் அந்தக் கோட்டருகே வேலைக்கு வந்திருக்கிறீர்கள்.

இனி, என்னைக் கவலைப்படுத்தியதற்கு வருகிறேன். கை நடுக்கத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கூப்பிடத் தயங்கினீர்களே, அதைப் பற்றித்தான் கவலை.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஜூனியருக்கு இருக்க வேண்டிய முதல் திறமை ட்யூப் போடுவதோ, கண்ணுக்குத் தெரியாத நரம்பில் ஊசி ஏற்றுவதோ அல்ல. அவை ஆறு மாதத்தில் தானாக வரும். ஒரு குழந்தை அரை மணி நேரத்துக்கு முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறது என்று கண்டுகொள்வதும், கண்டதை உரியவர் காதில் போடுவதும்தான் உங்கள் வேலை. நீங்கள் முதல் பாதியைச் செய்தீர்கள். இரண்டு மணிக்கு அந்த வார்மர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள், காலைத் தட்டினீர்கள், சிஸ்டர் சொன்னது காதில் விழுந்தது. யாரைப் பார்த்து நான் பயப்படுவேன் தெரியுமா? இரண்டு மணிக்குக் குழந்தை பக்கமே போகாமல், மேசையில் உட்கார்ந்தபடி கேஸ் ஷீட்டில் "ஸ்டேபிள்" என்று எழுதுகிறவரைப் பார்த்து.

இரண்டாவது பாதிக்குத் துணிச்சல் வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நள்ளிரவில், தூக்கமில்லாமல், ஏற்கெனவே ஒருமுறை அவமானப்பட்ட ஒருவரிடம் துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. எழுதி ஒட்டிய விதி இருந்தால் துணிச்சல் தேவைப்படாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு முறைக்கு மேல் தட்டி மூச்சு வரவழைக்க வேண்டியிருந்தால் கூப்பிடு. ஒரே ஒரு முறை ஆம்பு பேக் (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை) வைக்க நேர்ந்தாலும் கூப்பிடு. சிபாப்பில் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தால், நெஞ்சில் அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனால், வயிறு உப்பி ட்யூபில் பச்சையாக வந்தால், வலிப்பு வந்தால், சுகர் ஒரு முறை சரிசெய்தும் மறுபடி இறங்கினால் கூப்பிடு. கடைசியாக ஒன்று: டூட்டி சிஸ்டர் "இந்த பேபி சரியில்ல" என்று சொன்னால், காரணம் ஒன்றும் புலப்படாவிட்டாலும் கூப்பிடு. பல வருடம் இதே வார்டில் நிற்கும் சிஸ்டருக்குக் குழந்தையின் கை கால் கிடக்கும் விதத்திலேயே ஏதோ தெரிந்துவிடும். மானிட்டருக்கு அது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும்.

இந்தப் பட்டியலை உங்கள் யூனிட் சீஃப் கையெழுத்தோடு டூட்டி மேசைக்கு மேலே ஒட்ட வேண்டும். எண்களை அவரே முடிவு செய்யட்டும், நான் எழுதியது ஒரு மாதிரிதான். இதைக் கேட்கத் தனியாகப் போகாதீர்கள். மூன்று ஆண்டு பி.ஜி.க்களும் சேர்ந்து போங்கள். அசிஸ்டென்ட் மீது புகாராகக் கொண்டுபோகவும் வேண்டாம். "இரவில் எப்போது கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் மேடம்" என்று கேட்டால் மறுக்கிற சீஃப் அபூர்வம். அதற்குப் பிறகு யாராவது "இதுக்கெல்லாமா?" என்றால், கையைச் சுவரைப் பார்த்து நீட்டினால் போதும்.

அந்த அசிஸ்டென்ட்டை நான் கொடியவராக நினைக்கவில்லை. அவருக்கும் காலையில் ஓ.பி. இருந்திருக்கும், இரண்டு வார்டு இருந்திருக்கும், மறுநாள் வகுப்பு இருந்திருக்கும். ஆனால் அவருடைய களைப்புக்கான விலையை ஒரு 900 கிராம் குழந்தை கொடுக்க முடியாது.

எப்படிக் கூப்பிடுவது என்பதும் பழக வேண்டிய விஷயம். "சார், அந்த பேபி கொஞ்சம் டல்லா இருக்கு, என்ன பண்ணலாம் சார்?" என்றால், பாதித் தூக்கத்தில் இருப்பவர் "வாட்ச் பண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், எஸ்.என்.சி.யு.ல இருந்து பேசுறேன். 27 வாரம், 900 கிராம், ஆறாம் நாள், சிபாப். ஒரு மணி நேரத்துல நாலு ஆப்னியா. ரெண்டு தடவை ஹார்ட் ரேட் 80-க்குக் கீழ போச்சு. ஆக்சிஜன் 30-ல இருந்து 45 ஆக்கியிருக்கேன். சுகர் 68. வயிறு லேசா உப்பியிருக்கு. கல்ச்சர் எடுத்துட்டேன். நீங்க நேர்ல வந்து பாக்கணும் சார்." கடைசி வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றிவிடாதீர்கள். பேசி முடித்ததும் மணியைப் பார்த்து, கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்னதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அவர் வரவில்லை என்றால் அடுத்த போன் சீஃபுக்கு. அது கோள் சொல்வதாகாது. குழந்தைக்கு அடுத்த ஆளைத் தேடுகிறீர்கள்.

அவர் வந்து சேரும்வரை செய்ய வேண்டியது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் பதற்றத்தில் மறப்பவற்றை மட்டும் சொல்கிறேன். கழுத்து மடங்கியிருக்கிறதா, மூக்கில் சளி அடைத்திருக்கிறதா, சிபாப் பிராங் (மூக்கில் செருகும் சிறு குழாய்) மூக்கை விட்டு நழுவியிருக்கிறதா, பாட்டிலில் குமிழி வருகிறதா, உடம்பு குளிர்ந்திருக்கிறதா, மூச்சைத் தூண்டும் இன்றைய கஃபீன் டோஸ் போய்ச் சேர்ந்ததா? நழுவிய பிராங்கைச் சரிசெய்ததும் தீர்ந்துபோகும் ஆப்னியாக்கள் ஏராளம். இதெல்லாம் சரியாக இருந்தும் மூச்சு நிற்கிறது என்றால் தட்டிக்கொண்டே நிற்காதீர்கள், பேக்கை எடுங்கள்.

கை நடுக்கம். கேனுலா போடும்போது நின்றுகொண்டு குனிகிறீர்களா? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள், முழங்கையை வார்மர் விளிம்பில் ஊன்றுங்கள். பாதி நடுக்கம் அதிலேயே போய்விடும். குத்துவதற்கு முன் பீய்ச்சிய தாய்ப்பால் இரண்டு சொட்டை நாக்கில் விடுங்கள், குழந்தைக்கு வலி குறையும், துள்ளாது. இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் ஊசியை அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது முறை நரம்புக்காகக் குத்துவதில்லை, ரோஷத்துக்காகக் குத்துகிறோம். ரத்தம் எடுக்கும்போதும் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். 900 கிராம் குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 80 மி.லி. அதிலிருந்து ஒரு மி.லி. எடுப்பது வளர்ந்தவர் ஒருவரிடம் 60 மி.லி. எடுப்பதற்குச் சமம். "எதுக்கும் ஒரு சி.பி.சி. அனுப்பிடலாம்" என்று தோன்றும்போது இது நினைவுக்கு வரட்டும்.

இரவுக் களைப்பில் எனக்கு நடுக்கத்தைவிடப் பயம் தசமப் புள்ளியைப் பற்றித்தான். உங்கள் வார்டில் அன்றாடம் புழங்கும் ஜென்டாமைசினையே எடுத்துக்கொள்வோம். 2 மி.லி. வயலில் 80 மி.கி. இருக்கிறது, அதாவது ஒரு மி.லி.க்கு 40 மி.கி. கிலோவுக்கு 5 மி.கி. என்று வைத்தால் 900 கிராம் குழந்தைக்கு 4.5 மி.கி. வேண்டும். அது வெறும் 0.11 மி.லி. சிரிஞ்சின் மூக்கிலும் ஊசியிலும் தங்குவதே அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆகவே நேரடியாக எடுக்கவே கூடாது. ஒரு மி.லி. எடுத்து, அதோடு 7 மி.லி. சலைன் சேர்த்தால் ஒரு மி.லி.க்கு 5 மி.கி. ஆகிவிடும். அதில் 0.9 மி.லி. இது மனப்பாடம் செய்வதற்கல்ல, இந்த மாதிரிக் கணக்கை உங்கள் யூனிட்டில் எல்லா மருந்துக்கும் எழுதி மாட்டச் சொல்வதற்காகச் சொல்கிறேன். ஸ்டோரிலிருந்து ஒருநாள் வேறு அளவு வயல் வரும், யாரும் சொல்ல மாட்டார்கள். மனப்பாடம் செய்த கை பழைய கணக்கிலேயே எடுக்கும். வயலை வாய்விட்டுப் படியுங்கள். எடை, டோஸ், மி.லி. மூன்றையும் நீங்கள் தனியாக, சிஸ்டர் தனியாகக் கணக்குப் போட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகு மருந்து ஏறட்டும். விடியற்காலை நான்கு மணிக்கு இதைச் செய்ய எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில்தான் இது மிகவும் தேவை.

அப்பாவிடம் "சாரி" என்று மட்டும் சொன்னதை நினைத்து வருந்துகிறீர்கள். அவருக்கு அன்று அதுவாவது கிடைத்தது. சில இடங்களில் செருப்பு விடும் இடத்திலேயே நிற்க வைத்து, ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். இனி ஒருமுறை சொல்ல நேர்ந்தால் (நேரும்) ஒரு நாற்காலி தேடிக் கொடுங்கள், நீங்களும் உட்காருங்கள், கூட ஒரு சிஸ்டர் இருக்கட்டும். "குழந்தை இறந்துடுச்சுங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இறந்த பிறகும் "ரொம்ப சீரியஸா இருக்கு" என்று சொல்லி நேரம் கடத்தும் பழக்கத்தைப் பழகாதீர்கள். பிறகு அது தெரியவரும், அதற்கு முன்பு நீங்கள் சொன்ன எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கடினம். நமக்கு வாய் பரபரக்கும், பிளேட்லெட், சர்ஃபாக்டன்ட் என்று எதையாவது விளக்கத் தோன்றும். அவர்கள் கேட்கும்போது நான்கே வாக்கியத்தில் சொன்னால் போதும்.

நம் ஊரில் இதற்கடுத்து ஒன்று நடக்கும். "அவகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டா, வீட்டுக்குப் போய் மெதுவா நாங்க சொல்லிக்கிறோம்" என்று மாமியாரோ அண்ணனோ வருவார்கள். அம்மா சிசேரியன் முடிந்து மாடி வார்டில் படுத்திருப்பார். கீழே குழந்தையைத் துணியில் சுற்றி அனுப்பிவிடுவார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், சந்தேகமில்லை. இதில் மட்டும் நான் அம்மா பக்கம். பத்து நிமிடம் உட்கார்ந்து குடும்பத்திடம் பேசுங்கள். ட்யூபையும் பிளாஸ்டரையும் எடுத்து, துடைத்து, சுத்தமான துணியில் சுற்றி, "பாக்குறீங்களா, வச்சுக்கிறீங்களா?" என்று அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். கேட்காமல் இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். உயிரோடு பிறந்து இறந்த குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அப்பாவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அன்று காதில் விழுந்தது எதுவும் நிற்காது.

பாலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆறாம் நாள் என்றால் அந்த அம்மாவுக்குப் பால் நன்றாகச் சுரந்திருக்கும், அதுவரை மூன்று மணிக்கொருதரம் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டும் இருந்திருப்பார். குழந்தை போன பிறகும் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். ஈரத் துணி ஒத்தடம், இறுக்கமில்லாமல் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, வலி தீரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடுவது, காய்ச்சலோ சிவப்போ வந்தால் உடனே வரச் சொல்வது என்று இவற்றைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பால் வற்ற மாத்திரை வேண்டுமா என்பதை ரத்த அழுத்தத்தைப் பார்த்து மகப்பேறு மருத்துவர் முடிவு செய்யட்டும். சில தாய்மார்கள் அந்தப் பாலைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்க விரும்புவார்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் வங்கி இருக்கிறது. அப்படி ஒரு வழி உண்டு என்று சொல்லுங்கள், கேட்டு வாங்காதீர்கள்.

உங்கள் தூக்கத்துக்கு வருவோம். துக்கத்தால் சில நாள் தூங்காமல் இருப்பது இயல்பு. டூட்டி இல்லாத இரவிலும் ஒரு மாதமாகத் தூக்கமில்லை, கை நடுங்குகிறது, வேலையை விட்டே ஓடத் தோன்றுகிறது என்றால் இதை நீங்கள் தனியாகச் சமாளிக்கக் கூடாது. உங்கள் கல்லூரியிலேயே மனநல மருத்துவத் துறை இருக்கிறது. அங்கே தெரிந்த முகங்கள் என்று கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே பேசுங்கள், டூட்டி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் டாக்டர் என்ற சொல்லைத்தான் பார்த்திருக்கிறார்கள், எஸ்.என்.சி.யு.வின் உள்ளே வந்ததில்லை.

வேலை நேரத்தைப் பற்றிக் காகிதத்தில் நிறைய இருக்கிறது. தொடர் பணி ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு ரெசிடென்ட் டாக்டர்களுக்காக எழுதிவைத்தது. 2023-ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் "நியாயமான வேலை நேரம்" என்று சொல்லி, எத்தனை மணி நேரம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டன. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இவற்றைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. ஆனாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: இரவு டூட்டிக்கு மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சீஃபிடம் பட்டியல் கேட்கப் போகும்போது இதையும் சேர்த்தே கேளுங்கள். பி.ஜி.க்கள் தங்களுக்குள் டூட்டியை மாற்றிப் போட்டுக்கொண்டாலே பாதி முடியும்.

சீட்டை விடுவதா? இந்த போஸ்டிங் முடியும்வரை முடிவு எடுக்காதீர்கள். தூங்காத தலை எடுக்கும் முடிவை நான் மதிப்பதில்லை, அது சீட்டை விடுவதாக இருந்தாலும் சரி, விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதாக இருந்தாலும் சரி. மூன்றாண்டுப் படிப்பில் பச்சிளங்குழந்தைப் பிரிவு சில மாதங்கள்தான். இந்த வார்டு ஒத்துவராமல், ஓ.பி.யிலும் தடுப்பூசி அறையிலும் வளர்ச்சிக் குறைபாட்டு மருத்துவத்திலும் மிக நல்ல பெயர் எடுத்த குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அடுத்த போஸ்டிங்கிலும் இதே எண்ணம் இருந்தால், கவுன்சலிங் கையேட்டில் சீட்டை விடுவது பற்றிய நிபந்தனைகளையும் அபராதத்தையும் எழுத்தில் படித்துவிட்டு, கணக்குப் பார்த்துவிட்டு விடுங்கள். அதில் கேவலம் எதுவும் இல்லை. ஊர் ஒரு வாரம் பேசும்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டூட்டி இல்லாத நாளில், டிஸ்சார்ஜ் ஆன குழந்தைகள் திரும்ப வரும் ஓ.பி.யில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கங்காரு முறைப் பராமரிப்பு வார்டுக்கும் போய்வாருங்கள். நெஞ்சோடு அணைத்து வைக்கும் இந்த முறையை 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கியதே இன்குபேட்டர் பற்றாக்குறையால்தான். குழந்தை நிலைப்படும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் காட்டியது. உங்கள் வேலை நேரம் முழுவதும் மோசமாக இருக்கும் குழந்தைகளோடுதான் கழிகிறது. தேறிய குழந்தை அன்றைக்கே வார்டை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த கணக்கு ஒருபக்கக் கணக்கு.

கடைசியாக, அந்த அம்மா. போய்ப் பாருங்கள். தனியாக வேண்டாம், அன்றைய டூட்டி சிஸ்டரையோ சீனியர் ஒருவரையோ அழைத்துக்கொண்டு போங்கள். முதலில் ஆய்வில் வந்ததையும் கல்ச்சர் முடிவையும் சீஃபிடம் பேசி, எதைச் சொல்லப்போகிறீர்கள் என்று ஒப்புக்கொண்டு போங்கள். உங்கள் குற்ற உணர்ச்சியை அவர் மடியில் இறக்கிவைப்பதற்காகப் போகக் கூடாது. அவர் கேட்பதற்குப் பதில் சொல்லப் போகிறீர்கள், கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "நான் மாடிப்படி ஏறினதாலயா டாக்டர்?", "பப்பாளி சாப்பிட்டேன், அதனாலயா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும், வீட்டில் யாராவது அதைச் சொல்லியும் இருப்பார்கள். இல்லை என்று அழுத்தமாக, முடிந்தால் மாமியார் காதில் விழும்படி சொல்லுங்கள். மார்பு வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த கர்ப்பத்தில் மறுபடியும் குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பு அவருக்கு மற்றவர்களைவிட அதிகம் என்பதை மகப்பேறு மருத்துவரை வைத்துக்கொண்டே விளக்குங்கள். நாள் தள்ளியவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, "முதல் குழந்தை 27 வாரத்தில் பிறந்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் பார்ப்பது, முன்கூட்டியே வலி வந்தால் நேரே உங்கள் மாதிரி எஸ்.என்.சி.யு. உள்ள மருத்துவமனைக்கு வருவது, அங்கே குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது, இந்த மூன்றையும் டிஸ்சார்ஜ் அட்டையின் பின்பக்கத்தில் தமிழில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.